கொல்லைப்புற வடிகாலில் ஜல்லிக்குப் பதிலாக என்ன கொட்டலாம்?

ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது. சென்னையின் தெற்குப் புறநகரில் களிமண் மனை. வீட்டின் பின்னால் சுமார் 600 சதுர அடி திறந்தவெளி. ஒரு மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் தேங்குகிறது. 40 அடிக்கு வாய்க்கால் தோண்டி, துளையிட்ட குழாய் பதித்து, முக்கால் ஜல்லி கொட்டி, கடைசியில் உறிஞ்சு குழியில் விடச் சொல்கிறார் கொத்தனார். ஜல்லி விலையும் ஏற்றிறக்கு கூலியும் கையைக் கடிக்கின்றன. பக்கத்துத் தெருவில் பழைய வீடு இடிக்கிறார்கள், செங்கல் உடைசல் சும்மா கிடைக்கும். அது போதுமா? டயர், தெர்மகோல், பாட்டில், தேங்காய் மட்டை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, அவையெல்லாம் தேறுமா?

நன்கு வெந்த செங்கல் தேறும். சுத்தமான கான்கிரீட் உடைசல் சில இடங்களில் தேறும். மற்றவற்றில் பெரும்பாலானவை தேறாது. உறிஞ்சு குழியைப் பொறுத்தவரை, எதையும் கொட்டாமல் சிமென்ட் வளைய உறை இறக்குவதே பல வீடுகளுக்குச் சரி. காரணங்களைத் தெரிந்துகொண்டால் நாளை வேறொருவர் வேறொரு பொருளைச் சொல்லும்போதும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வடிகாலில் ஜல்லிக்கு இரண்டே வேலை. தோண்டிய பள்ளத்தின் சுவர் சரியாமல் தாங்க வேண்டும், தண்ணீர் ஓடவும் தங்கவும் இடைவெளி விட வேண்டும். ஒரே அளவாகச் சலித்த முக்கால் ஜல்லியில் (20 மி.மீ.) மொத்தக் கொள்ளளவில் ஏறக்குறைய 40 சதவீதம் இடைவெளி. பெரிதும் சிறிதும் கலந்து வந்தால் சின்னது பெரியதின் சந்தில் போய் அடைந்து 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கல் உடைக்கும் கிரஷரின் தூள் கலந்தால் இன்னும் மோசம். ஆக, காசு கொடுத்து நாம் வாங்குவது கல்லுக்கு இடையே உள்ள வெற்றிடத்தை. மாற்றுப் பொருள் எதுவானாலும் கேட்க வேண்டியவை இவைதான்: எவ்வளவு இடைவெளி கிடைக்கும், நாலைந்து மழைக்காலம் போன பிறகும் அது மிஞ்சுமா, தண்ணீரில் எதையாவது கரைத்து விடுமா.

முதல் கேள்விக்கு ஒரு பக்கெட்டும் லிட்டர் குவளையும் போதும். 20 லிட்டர் பக்கெட்டில் பொருளை விளிம்பு வரை நிரப்பி, லேசாகக் குலுக்கி, குவளையால் அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். மேல்மட்டம் வருவதற்குள் 8 லிட்டர் பிடித்தால் 40 சதவீதம். 6 லிட்டருக்குக் கீழே போனால் அந்தச் சரக்கைச் சலிக்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். செங்கலை முந்தின இரவே ஊறவைத்துவிட்டுச் சோதியுங்கள். காய்ந்த செங்கல் தானே தண்ணீரைக் குடித்துவிட்டு இல்லாத இடைவெளியைக் காட்டும். பிறகு தண்ணீரை வடித்து நிறத்தைப் பாருங்கள். குழம்பாக இருந்தால் அந்தச் சேறு முழுவதும் குழியின் அடியில் படிந்து, மண் உறிஞ்சும் வாயை அடைக்கப் போகிறது.

இப்போது செங்கல். இது புதிதாகக் கண்டுபிடித்த மாற்று இல்லை. சென்னைக் குடிநீர் வாரியம் பரிந்துரைக்கும் மழைநீர்க் கசிவுக் குழிகளிலேயே உடைத்த செங்கல் உண்டு. களிமண் பகுதிகளுக்கென்று, குழியின் அடியில் 10 முதல் 15 அடி ஆழத்துக்குத் துளையிட்டு அதிலும் செங்கல் உடைசலை நிரப்பும் முறையையும் அவர்கள் சொல்கிறார்கள். ஜல்லியைவிட எடை குறைவு என்பதால் சுமக்கவும் எளிது.

சிக்கல் வேகாத செங்கலில்தான். இரண்டு கல்லைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே வேகவில்லை. உடைத்துப் பார்த்தால் நடுவில் நிறம் மாறியிருக்கும். இன்னொரு சோதனை, ஒரு துண்டை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து விரலால் தேய்ப்பது. சிவப்பு மாவு ஒட்டினால் இரண்டு மழைக்காலத்தில் அது மண்ணாகிவிடும். சூளையில் கருகி, கோணிப்போன செங்கல் சுவருக்கு ஆகாது என்று ஒதுக்குவார்கள். நமக்கு அதுதான் முதல் தரம்.

துண்டுகள் ஒன்றிலிருந்து இரண்டரை அங்குலத்துக்குள் இருக்கட்டும். இடித்த வீட்டுச் சரக்கை அப்படியே கொட்டக் கூடாது. ஓர் அங்குலக் கண் உள்ள சல்லடையில் சலித்து மேலே நிற்பதை மட்டும் எடுங்கள். கீழே விழும் பூச்சுத் தூளும் மண்ணும் தாழ்வான இடத்தை நிரவ உதவும், வடிகாலுக்கு உதவாது. ஒரு லோடில் கணிசமான பங்கு இப்படித் தூளாகவே போகும் என்பதைக் கணக்கில் வைத்து, தேவைக்கு இரண்டு மடங்கு பார்த்து வையுங்கள். கையால் பொறுக்க வேண்டியவையும் உண்டு. மரத்துண்டு மக்கி உள்வாங்கும். ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம், காற்றில்லாத ஈரத்தில் கிடந்தால் அழுகிய முட்டை நாற்றம் தரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டு இருந்தால் அந்தக் குவியலில் கை வைக்காதீர்கள், உடைக்கவும் சலிக்கவும் வேண்டாம், அந்த லோடே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்ட் அடித்த பூச்சையும் விலக்குங்கள், ஈயம் இருக்கலாம்.

கூரை ஓட்டு உடைசலும் தரைப் பதிகல் உடைசலும் கெட்டியானவைதான். ஆனால் தட்டையான துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு தண்ணீர் இறங்க விடாது. செங்கலோடு கொஞ்சம் கலக்கலாம், தனியாக வேண்டாம்.

கான்கிரீட் உடைசலின் பலம் ஜல்லிக்கு நிகர். குறை அதன் சுண்ணாம்பில் இருக்கிறது. புதிதாக உடைந்த பரப்பிலிருந்து கால்சியம் கரைந்து, தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அந்தத் தண்ணீர் காற்றைத் தொடும் இடத்தில், அதாவது குழாயின் துளையிலும் வடிகட்டித் துணியிலும், வெள்ளைப் பொருக்காகப் படியும். சில ஆண்டுகளில் துளை அடைபடக் காரணம் இதுவே. எனவே குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வேண்டாம். உறிஞ்சு குழியின் கீழ்ப்பாதியில், தூள் போகக் கழுவிப் போடலாம். குடிநீர்க் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியானால் அங்கும் வேண்டாம். வாய்க்கால் ஓரத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை போல எதுவும் வைத்திருந்தாலும் கார நீர் அதற்கு ஒத்துவராது.

தேங்காய் மட்டை யோசனை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. தென்னந்தோப்பில் மரத்தைச் சுற்றிக் குழி வெட்டி மட்டையைப் புதைப்பார்கள், அது ஆண்டுக்கணக்கில் மக்காமல் கிடக்கும். ஆனால் அங்கே மட்டையைப் புதைப்பது தண்ணீரைப் பிடித்து வைக்க! அதன் சோறு தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைக் குடித்து மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கும். தண்ணீர் போகவேண்டிய வாய்க்காலில் அதே பொருளைப் போட்டால் என்ன ஆகும்? மக்கும்போது மேல்மண் உள்வாங்கும், பழுப்பு நீர் வடியும், நார் குழாயின் துளையில் சிக்கும். சிரட்டை மட்டையைவிடக் கெட்டி. ஆனாலும் கவிழ்ந்த சிரட்டைக்குள் காற்றும் நிமிர்ந்த சிரட்டைக்குள் சேறும் தங்கிவிடும்.

மூடி போட்ட காலி பாட்டில் பார்க்க நல்ல யோசனை. கணக்குப் போட்டால் அடிபட்டுப் போகும். மூடிய பாட்டிலுக்குள் தண்ணீர் போகாது, ஆகவே அது குழியின் கொள்ளளவைத் தின்கிறது. மூடி இல்லாத பாட்டில் மண் சுமையில் நசுங்கும். தெர்மகோலுக்கும் இதே கதை, கூடவே மிதக்கும் குணமும் சேர்கிறது. ஒரு கன அடி தெர்மகோலின் எடை அரை கிலோ அளவுதான். தண்ணீரில் மூழ்கினால் அது 27 கிலோவுக்கு மேல் விசையோடு மேலே தள்ளும். குழி நிரம்பும் நாளில் மேலே போட்ட ஓரடி மண்ணைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். அமெரிக்காவில் பாலிஸ்டைரீன் துண்டுகளை வலைப்பைக்குள் குழாயோடு சேர்த்துக் கட்டி, ஜல்லிக்கு மாற்றாகவே விற்கிறார்கள் என்பது உண்மை. அது தண்ணீரைக் கடத்திவிடும் ஆழமற்ற வாய்க்காலுக்காகச் செய்த பொருள். டிவி பெட்டியில் வந்த தெர்மகோலை உடைத்துப் போடுவது அதற்கு ஈடாகாது. அது உதிர்ந்து துளையை அடைக்கும், எறும்பும் புற்று வைக்கும்.

டயரை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். முழு டயர் கொசுப்பண்ணை. வெட்டிய டயரில் எஃகுக் கம்பி துருத்தி நிற்கும், ரப்பரிலிருந்து துத்தநாகம் கரையும், சுமை ஏறினால் அமுங்கும். சிறு கொல்லைக்கு அது தேவையே இல்லை.

சிலருக்கு மணல் கொட்டினால் என்ன என்று தோன்றும். மணல் நல்ல வடிகட்டி, மோசமான வாய்க்கால். ஜல்லிக்கு மேல் விரிக்கும் இரண்டு மூன்று அங்குல அடுக்காக அது சரி. எம்-சாண்டில் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) பொடி அதிகமானால் அடுக்கு இறுகிவிடும், அதனால் கழுவியதாகப் பார்த்து வாங்குங்கள். கிரஷர் தூள், உலைச் சாம்பல் இரண்டும் நனைந்தபின் இறுகுபவை, கிட்டவே சேர்க்காதீர்கள். லாரிக்காரரிடம் கிராவல் என்று கேட்டு ஏமாறாதீர்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வருவது களி கலந்த சிவந்த மண், தரை உயர்த்தத்தான் ஆகும். கரியைச் சிலர் ஓர் அடுக்காகப் போடுவார்கள், வடிகாலுக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

காசு கொடுத்து வாங்கக்கூடிய நவீன மாற்று ஒன்று, உறிஞ்சு குழிக்கென்று விற்கும் பிளாஸ்டிக் கூடுகள். 90 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். ஒரே குழியில் ஜல்லியைவிட இரண்டு மடங்குக்கு மேல் நீர் நிற்கும். இதற்குப் பதில் பழைய தக்காளிப் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கலாமா என்றால், இரண்டு அடுக்கு வரை, மேலே வண்டி ஏறாத இடத்தில் செய்யலாம். வெயிலில் வெளிறிப்போன பெட்டி ஆகாது, பிளாஸ்டிக் நொறுங்கியிருக்கும். பெட்டியின் பக்கங்கள் மேல்சுமை தாங்கும் அளவுக்குப் பக்கச்சுமை தாங்காது. ஊறிய களிமண் பக்கவாட்டில் நெருக்கும். எனவே பெட்டிக்கும் மண்சுவருக்கும் நடுவில் நாலு அங்குலம் ஜல்லியோ செங்கலோ கட்டாயம் வேண்டும்.

அளவுகளுக்கு வருவோம். 40 அடி நீளம், ஓரடி அகலம், சராசரி 2 அடி ஆழம். 100 அடிக்கு ஓரடி சரிவு என்றால் இந்த நீளத்துக்கு 5 அங்குல இறக்கம். தொடக்கத்தில் 21 அங்குலமும் முடிவில் 26 அங்குலமும் தோண்டுங்கள், லெவல் டியூப் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) வைத்துச் சரிபாருங்கள். கண்மட்டத்தில் தோண்டிய வாய்க்காலின் நடுவில் எங்காவது ஒரு பள்ளம் விழும், வண்டல் முழுக்க அங்கேதான் சேரும். மேலே 4 அங்குலம் மணலுக்கும் மண்ணுக்கும் விட்டால், குழாய் போக நிரப்ப வேண்டியது சுமார் 63 கன அடி. இதை முழுவதும் ஜல்லியாகப் போடத் தேவையில்லை. குழாய்க்குக் கீழே 2 அங்குலம், பக்கங்களில், மேலே 2 அங்குலம் மட்டும் முக்கால் ஜல்லி போட்டால் 24 கன அடி, அதாவது கால் யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) போதும். மீதி 40 கன அடிக்குச் சலித்த செங்கல். உங்கள் செலவு குறைவது இங்கேதான்.

குழாய் 110 மி.மீ. பிவிசி. அடிப்பக்கம் இருபுறமும் சாய்வாக இரண்டு வரிசையில், நாலு அங்குலத்துக்கு ஒன்றாக 8 முதல் 10 மி.மீ. துளை போடுங்கள். துளை மேலே பார்த்திருந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை ஏறிய பிறகுதான் குழாய்க்குள் போகும், மண்ணும் நேராக உள்ளே விழும்.

களிமண்ணில் எந்தப் பொருளைக் கொட்டினாலும் அதைக் காப்பாற்றுவது துணிதான். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் (ஜிஎஸ்எம்) எடையில், நெய்யாத வகை ஜியோ டெக்ஸ்டைல் வாங்குங்கள். இந்த வாய்க்காலின் அடி, இரு பக்கம், மேலே மடிப்பு எல்லாம் சேர்த்து ஆறடி அகலம் பிடிக்கும், 2 மீட்டர் அகலத் துணி 13 மீட்டர் போதும். துணியைக் குழாயில் சுற்றாதீர்கள், வாய்க்கால் முழுவதற்கும் உறைபோல் விரியுங்கள். குழாயில் சுற்றினால் வடிகட்டும் பரப்பு சிறிது, விரைவில் அடைபடும். பருத்திச் சேலையும் கோணியும் மக்கிவிடும். பச்சை நிழல்வலையின் கண்ணில் களி தாராளமாகப் புகும். சிமென்ட் சாக்கு மக்காது, ஆனால் தண்ணீரையும் எளிதில் விடாது. வேறு வழி இல்லாவிட்டால் மேல்மூடியாக மட்டும் போட்டு, பக்கங்களில் அதைத் தவிருங்கள்.

குழிக்கு முன்னால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடியில் ஒரு வண்டல் சேம்பர் கட்டுங்கள். குழாய் வாய்கள் அதன் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். செலவை மிச்சம் பிடிக்க இதை விட்டுவிடுபவர்கள் அதிகம், மூன்றாம் வருடம் குழியையே தோண்டி எடுக்கிறவர்களும் அவர்கள்தான்.

உறிஞ்சு குழியைப் பற்றி எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். குழாய் வாய்க்குக் கீழே 5 அடி ஆழமும் 4 அடிக்கு 4 அடி அகலமும் உள்ள குழி 80 கன அடி. ஜல்லியோ செங்கலோ நிரப்பினால் அதில் நிற்பது 900 லிட்டர். வாய்க்காலின் இடைவெளியில் இன்னொரு 700 லிட்டர். உங்கள் 600 சதுர அடியில் 5 செ.மீ. மழை பெய்தால் விழுவதோ 2,800 லிட்டர். சரி, மண் உறிஞ்சாதா? களிமண் மணிக்கு 3 மி.மீ. குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், குழியின் அடியும் சுவரும் சேர்ந்து மணிக்கு 27 லிட்டர்தான் இறக்கும். நிறைந்த குழி வற்ற ஒன்றரை நாள் ஆகும். மட்டம் இறங்க இறங்க நனைந்த சுவர்ப்பரப்பு குறைவதால் இன்னும் கூடவே ஆகும். வடகிழக்குப் பருவமழை அந்த இடைவெளி கொடுப்பதில்லை.

அதனால் ஜல்லிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை. ஓரடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி தோண்டி இரவு நிரப்பி ஊறவிடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் உறிஞ்சு குழியை மட்டும் நம்ப முடியாது. வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் மண்ணுக்குக் கீழே பாறை. அண்ணா நகர், விருகம்பாக்கம் களி. அடையாறு, திருவான்மியூர் கடலோர மணல், அங்கே வெறும் குழியே குடித்துவிடும். ஒரே நகரத்தில் பக்கத்து ஏரியாவின் தீர்வு உங்கள் மனைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். நவம்பரில் பக்கத்துக் கிணற்றில் நீர்மட்டம் தரையிலிருந்து மூன்று நாலு அடிக்குள் வந்துவிடுகிறதா என்றும் விசாரியுங்கள். வருகிறது என்றால் உங்கள் குழி மழைக்கு முன்பே கீழிருந்து நிறைந்துவிடும், அதில் எதைக் கொட்டினாலும் ஒன்றுதான். அப்போது தரையைத் தெருப்பக்கம் சரிவாக உயர்த்துவதும், வாய்க்காலின் முடிவைத் தெரு மழைநீர்க் கால்வாய்ப் பக்கம் கொண்டுபோவதும்தான் வழி. பாதாளச் சாக்கடையில் மட்டும் சேர்க்காதீர்கள். கனமழையில் அது எதிர்த்து உங்கள் முற்றத்துக்கே வரும்.

களிக்குக் கீழே மணலோ உக்கிய பாறையோ எட்டுகிற ஆழத்தில் இருந்தால், 3 அடி விட்டமுள்ள சிமென்ட் உறைகளை 10 அடிக்கு இறக்குங்கள். காலியாக விட்டால் அதில் 2,000 லிட்டர் நிற்கும், ஜல்லி கொட்டினால் 800. உறைக்கு வெளியே சுற்றிலும் நாலைந்து அங்குலம் செங்கல் உடைசல், அடியில் ஓரடி ஜல்லி, மேலே கான்கிரீட் மூடி. உள்ளே வண்டல் சேர்ந்தால் இறங்கி அள்ளலாம், நிரப்பிய குழியில் அது முடியாது. நாலடிக்கு மேல் தோண்டும்போது களிச்சுவர் சொல்லாமல் சரியும். தோண்டத் தெரிந்த ஆட்களைக் கோடையில் வைத்துச் செய்யுங்கள், ஒற்றை ஆளை உள்ளே விடாதீர்கள். குழி வீட்டு அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது, வாய்க்கால் 5 அடியாவது தள்ளி இருக்கட்டும். களி ஊறி உப்பினாலும் காய்ந்து சுருங்கினாலும் சுவர் விரிசல் விடும்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் மொட்டைமாடிக் குழாய் எங்கே ஊற்றுகிறது என்று பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழைக்கு 4,600 லிட்டர் இறங்கும், அதாவது கொல்லையில் நேராக விழுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அது கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தால், சம்ப்புக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிட்டுப் பிறகு ஒரு மழை பாருங்கள், தேக்கத்தில் பெரும்பகுதி அதோடு போய்விடலாம். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய குழி ஏதாவது உங்கள் வீட்டு மூலையில் மூடிக் கிடந்தால் அதையும் திறந்து பாருங்கள். உள்ளே உள்ள ஜல்லி சேற்றில் புதைந்திருக்கும், ஆனால் கல் கெடாது. வெளியே எடுத்துச் சல்லடையில் போட்டுப் பைப்புத் தண்ணீரில் அலசினால், வாய்க்காலுக்குத் தேவையான அந்த 24 கன அடி வாங்காமலே கிடைத்துவிடக்கூடும்.